செஞ்சியில் விரிசல் விட்ட பூசணிக்காய்

எங்கள் கம்பெனியில் காந்தக் கருவியை வைத்து இரும்பில் விரிசல் பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் வரதன். இன்னொருவன் நான். ஒருநாள் மேலதிகாரி எங்கள் இருவரையும் அழைத்து, ஒருவர் பயிற்சிக்கு ஜெர்மனி போக வேண்டும், ஒருவர் வேலைக்குச் செஞ்சி போக வேண்டும், யார் எங்கே என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பதற்குள் வரதன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளப் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்து கம்பெனியின் கையெழுத்துப் பத்திரிகையில் மாதாமாதம் பயணக் கட்டுரை எழுதுகிறான். அந்த ஊர் ரொட்டியின் நீளம், ரயிலின் வேகம், உருளைக்கிழங்கை அவர்கள் எத்தனை விதமாகச் சமைக்கிறார்கள் என்பதெல்லாம் இப்போது எங்கள் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். சென்னையில் பிறந்து, தாம்பரத்துக்குத் தெற்கே கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாத எனக்கு செஞ்சியும் வெளிநாடுதான். ஆகவே நானும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மாலை திண்டிவனத்தில் செஞ்சி பஸ்ஸில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். டிரைவருக்குப் பின் சீட்டில் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அந்தத் துண்டின் மேல் ஓர் அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அரை அடி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். என் மடியில் கருவிப் பெட்டி. பார்வைக்கு ஹார்மோனியம் அளவு. முன்பக்கம் ஒரு கண்ணாடி, அதற்குள் ஓர் ஊசி, கீழே இரண்டு திருகுகள்.

"ரேடியோவா சார்? சிலோன் எடுக்குமா?" என்றார் கண்டக்டர்.

ரேடியோ இல்லை, இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் காட்டும் கருவி என்று விளக்கினேன். அந்த அம்மாள் பெட்டியை நன்றாகப் பார்த்தார்.

"காட்டிட்டு அப்புறம் பாடுமா?"

பாடாது என்றதும் அவருக்கு என் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. நகர்ந்த அரை அடியில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

பஸ் ஊரைத் தாண்டியதும் என் தொப்பி ஜன்னல் வழியாகப் பறந்து மல்லாட்டைக் கொல்லையில் விழுந்தது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. சென்னையில் தொப்பி பறந்தால் தொப்பியை மறந்துவிட வேண்டியதுதான். இங்கே பஸ்ஸே நின்றது. டிரைவர் ஒரு பர்லாங் தூரம் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். பத்துப் பேர் இறங்கித் தேடினார்கள். கண்டுபிடித்தது என்னவோ ஓர் ஆடு. பாதிதான் மிச்சம் வைத்திருந்தது. அதற்கப்புறம் டயர் பஞ்சர். மாற்றுகிற வரைக்கும் புளியமரத்து நிழலில் நிற்கலாம் என்று போனேன். மேலே ஒரு காக்கை எனக்காகவே காத்திருந்தது.

டிரைவர் என் சட்டையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக் கொடுத்தார். ஏழுமலை என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், மீசை மட்டும் தடியான ஆளுடையது.

"சார் இன்னா ராசி?" என்று கேட்டார்.

"கும்பம்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

நிதானமாக ஓட்டினார். நிதானம் என்றால், மூட்டையோடு சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மதகு. அங்கே சாலை இடப்பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் ஏழுமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ கவனித்தார்.

"கேட்டுச்சா சார்?"

"என்னது?"

"கிணுக்னு ஒன்னு."

எனக்குக் கேட்கவில்லை. கண்டக்டர் கூரையைப் பார்த்தார். கூடை அம்மாள், "இந்த மனுசனுக்கு இதே ரோதனையா பூட்ச்சி" என்றார்.

"யாருக்கும் கேக்கல சார்" என்றார் ஏழுமலை. "எனக்கு மட்டும்தான் கேக்குது."

பஸ் முதலாளி வீட்டு வாசலில் இறங்கும்போது இருட்டிவிட்டது. முதலாளி ஒரு நயினார். அந்தப் பக்கத்துத் தமிழ் ஜைனர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். பரம்பரையாக நிலம், மல்லாட்டை மண்டி, இப்போது இரண்டு பஸ். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்தே வந்தன.

"மன்னிச்சிக்குங்க சார். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவீங்கன்னு இலை போட்டு வெச்சிருந்தோம். வெளக்கு வெச்சப்புறம் எங்க வூட்ல அடுப்பு இல்ல."

வீட்டுக்குள்ளிருந்து நெய் வாசனை மட்டும் வந்தது. ஏழுமலை என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். அங்கே காலையில் பிறந்த இரண்டு இட்லிகள் எனக்குக் கிடைத்தன. வரதன் ஜெர்மனியில் முதல் நாள் சாப்பிட்டதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். என் முதல் நாள் சாப்பாடு இந்த ஒரு வரியோடு சரி.

திரும்பி வந்ததும் நயினார் என்னை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஊரே திரண்டு போகும். அன்று நான் வந்த இதே பஸ்தான் அவருடைய ஸ்பெஷல், பன்னிரண்டு வருஷமாக அதை ஏழுமலைதான் ஓட்டுகிறார்.

"ஒரு மாசமா சத்தம் கேக்குதுன்றான். மேஸ்திரி கன்னியப்பன் வண்டிய அலசிப் பாத்துட்டு ஒன்னியும் இல்லன்றாரு. போன வருசம் இன்னொருத்தர் பஸ்ஸு பின்னாடி ஆக்சில் ஒடஞ்சி நடுரோட்ல நின்னுது. அத்தப் பாத்து இவன் பயந்துட்டான்னு பேச்சு. பயந்தவன் கையில நூறு பேர எப்படிக் குடுக்கறது? உங்க மெசினு ஆக்சில் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா, அவன எறக்கிட்டு வேற ஆள ஏத்திடுவேன். செட்டுல ஒக்காந்து டிக்கெட் புக்கு பாத்துக்கட்டும். பழுதுன்னு சொன்னா, நானே அவன் கையப் புடிச்சி மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"ஏழுமலைக்கு இது தெரியுமா?"

"அவன்கிட்ட சொல்லாம செய்வனா?"

அப்படியானால் என் தொப்பிக்காகப் பஸ்ஸைப் பின்னால் எடுத்தவர், தன் சீட்டுக்கு நான் உலை வைக்கலாம் என்று தெரிந்தேதான் எடுத்திருக்கிறார். எனக்கு அந்த இட்லிகள் மேலும் கனத்தன.

வெள்ளிக்கிழமை காலை கன்னியப்பன் பஸ்ஸைக் கல் மேல் தூக்கி வைத்துப் பின் ஆக்சில் ராடுகளைக் கழற்ற ஆரம்பித்தார். சாயங்காலம் ஆகும் என்றார். பஸ் இல்லாத டிரைவருக்கு வேலை இல்லை. செஞ்சிக்கு வந்து மலையேறாமல் போனால் சென்னையில் முகத்தைக் காட்ட முடியாது என்று ஏழுமலை என்னைக் கிளப்பிவிட்டார்.

வரதன் ஜெர்மனியில் ஒரு கோட்டைக்குக் கம்பியில் தொங்கும் வண்டியில் போனானாம். நான் ராஜகிரிக்குப் பாதி காலிலும் மீதி கையிலும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் எதிரிப்படையைத் தடுக்கப் பெரிய மதில் கட்டியிருக்கிறார்கள். எதற்கு இவ்வளவு சிரமம் என்று புரியவில்லை. அந்தப் படிகளே போதும். வழியில் ஒரு குரங்கு என் வாழைப்பழத்தைப் பிடுங்கியது. அதைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டது.

உச்சியில் ஒரு பழைய பீரங்கி கிடக்கிறது. அதைப் பார்த்ததும் என் கை பரபரத்தது. பெட்டியைக் கீழேயே விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று. பீரங்கி நிழலில் உட்கார்ந்ததும் ஏழுமலை கருவியைப் பற்றிக் கேட்டார். இரும்பைக் காந்தமாக்கினால் காந்தம் அதற்குள்ளேயே ஓடும், எங்கேயாவது வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் வெளியே கசியும், பெட்டியோடு வயரால் சேர்ந்த, நான் கையில் பிடிக்கும் முனை அந்தக் கசிவைக் கண்டுபிடித்து ஊசியை ஆட்டும் என்றேன்.

"வாய்க்கால்ல ஒடப்பு எடுத்தா தண்ணி வெளிய வரும், அந்த மாரி."

"அதேதான்."

மூன்று வருஷமாக எங்கள் கம்பெனி விளம்பரத்தில் சொல்லத் தெரியாததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பிறகு பீரங்கியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஊசி நயினார் பேச்சக் கேக்குமா சார்?"

"கேட்காது."

"மேஸ்திரி பேச்ச?"

"யார் பேச்சையும் கேட்காது."

"அது போதும் சார்" என்று எழுந்துகொண்டார்.

அடிவாரத்தில் வேப்பமரத்தடியில் ஒருவர் இரும்பு மோதிரம் விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம் அந்தக் காலத்து ராஜாவின் கறுப்புக் குதிரையின் லாடத்தை உருக்கிச் செய்தவையாம், போட்டுக்கொண்டால் சனி தோஷம் அண்டாதாம். கூடை நிறைய மோதிரம் இருந்தது. அந்தக் குதிரைக்கு எத்தனை கால் என்று கேட்டேன். விற்பவர் காது கேட்காதவர்போல் இருந்துவிட்டார். ஏழுமலை எனக்கென்று ஒன்று வாங்கி, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல வலது கை நடுவிரலில் திருகி ஏற்றிவிட்டார்.

"கும்ப ராசிக்கு சனி நடக்குது சார். நேத்து தொப்பி, பஞ்சரு, காக்கா. இன்னிக்கு கொரங்கு. இனிமே தாங்காது, போட்டுக்கோ."

மோதிரம் கொஞ்சம் இறுக்கம். பழகிவிடும் என்றார்.

மத்தியானம் நயினார் வீட்டில் நேற்றைய பாக்கியையும் சேர்த்துச் சாப்பிட்டேன். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, மண்ணுக்குக் கீழே விளையும் கிழங்கு எதுவும் கிடையாது. இவற்றை விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று சென்னைக்காரன் நினைப்பான். நானும் நினைத்தேன். அப்புறம் நெய்யில் மிதந்த பருப்பு வந்தது. அவரைக்காய்ப் பொரியல், மல்லாட்டைத் துவையல், மோர்க்குழம்பு, திரும்பவும் பருப்பு. எழுந்திருக்கும்போது என் பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தியிருந்தேன். உலகத்தில் உருளைக்கிழங்கு இல்லாமலே நிம்மதியாக வாழலாம் என்பதை வரதனுக்கு இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

தூங்கி எழுந்து பஸ் ஷெட்டுக்குப் போனால், கன்னியப்பன் இரண்டு ராடுகளையும் துடைத்து மரக்கட்டை மேல் வைத்திருந்தார். மணி ஐந்து. நயினார் வீட்டிலிருந்து ஆள் வந்து, ஐந்தரைக்கு இலை போடுகிறார்கள், பொழுது இறங்குவதற்குள் வந்துவிடச் சொன்னார்கள் என்று நின்றான்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பெட்டியில் இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கும். ஒன்று நல்லது, ஒன்று வேண்டுமென்றே கீறல் போட்டது. முதலில் இந்த இரண்டையும் தடவிப் பார்த்து, நல்லதில் ஊசி சும்மா இருக்கிறதா, கீறலில் துள்ளுகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் வேலையில் கைவைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நானே கண்டிப்போடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் முதல் நாள் இரவு ஆறிய இட்லி தின்றவனுக்கு விதியெல்லாம் ஞாபகம் இருக்காது. துண்டுகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ராடுகள் மேல் காந்தத்தைத் தூக்கி வைத்து எடுத்த கையோடு நேராக முனையை வைத்தேன்.

ஊசி துள்ளியது. நகர்த்தினேன், துள்ளியது. இடது ராடில் மூன்று இடம், வலதில் நான்கு. சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். எழுந்து நின்று, "இரண்டுமே விரிசல்" என்று அறிவித்தேன். என் குரல் எனக்கே கம்பீரமாக இருந்தது.

ஏழுமலை தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். நயினார் எல்லாருக்கும் முன்னால் அவர் கையைப் பிடித்து, "மனசுல வெச்சிக்காத ஏழுமல" என்றார். கன்னியப்பன் ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனார். நான் ஐந்தரைக்குச் சரியாக இலையில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை கன்னியப்பன் சிரித்த முகத்தோடு வந்தார். அவர் சிரிப்பது எனக்கு அப்போதே சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். முதல் பஸ்ஸில் விழுப்புரத்திலிருந்து புத்தம் புது ராடு இரண்டு வந்திருந்தது. கிரீஸ் தடவிய காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

"மாட்றதுக்கு முன்னாடி இத்தயும் ஒரு தபா பாத்துடுங்க சார்."

பார்த்தேன். ஊசி துள்ளியது.

"புதுசுலயே வெடிப்பா? சரி, இந்தக் கடப்பாரையப் பாருங்க."

கடப்பாரையிலும் வெடிப்பு. ஜாக்கியில் வெடிப்பு. வாசல் கேட்டில் இரண்டு வெடிப்பு. அதற்குள் டீக்கடையிலிருந்து ஒரு கூட்டம் ஷெட்டுக்குள் வந்துவிட்டது. ஒருவர் தன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்.

"இன்னா சார், எங்க ஊரே வெடிச்சிப் போச்சா?" என்றார் கன்னியப்பன்.

ஷெட்டின் மூலையில் ஒரு பூசணிக்காய் இருந்தது. ஸ்பெஷல் கிளம்பும்போது திருஷ்டி கழித்து உடைப்பதற்காக வாங்கி வைத்தது. மற்ற கம்பெனிகளில் கோழி அறுப்பார்களாம். நயினார் ஜீவஹிம்சை கூடாது என்று சொல்லிவிட்டதால் இங்கே வெறும் பூசணிக்காய். கன்னியப்பன் அதைத் தூக்கி வந்து என் முன்னால் மரக்கட்டை மேல் பக்குவமாக வைத்தார். சாக்கட்டியையும் எடுத்துக் கொடுத்தார்.

கோபத்தில் முனையைப் பூசணிக்காய் மேல் வைத்து இழுத்தேன். ஊசி நன்றாகத் துள்ளியது.

ஷெட்டே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. பூசணிக்காய்க்குள் காந்தம் ஓடாது. அப்படியானால் ஊசியை ஆட்டுவது பூசணிக்காய் இல்லை. மறுபடியும் மெதுவாக இழுத்தேன். முனையைத் திருப்பும்போது என் நடுவிரல் மடங்கியது. ஊசி துள்ளியது. விரலை நீட்டினேன். ஊசி அடங்கியது. விரலில் ராஜாவின் குதிரை லாடம். நேற்று காந்தத்தைத் தூக்கி வைத்த கையும் அதேதான், மோதிரமும் நன்றாகக் காந்தம் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் செஞ்சி முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த அத்தனை விரிசலும் என் கையிலேயே இருந்தது.

இதை யாரும் கவனிக்கவில்லை. கருவிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, நேற்று சொன்னது சொன்னதுதான் என்று சொல்லிவிட்டு நான் பெட்டியை மூடியிருக்கலாம். ஏழுமலையின் சீட்டு பிழைத்திருக்கும். உண்மையைச் சொன்னால் நேற்று பிடித்த கையை நயினார் இன்று விட்டுவிடுவார். இரண்டு நிமிஷம் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் குனிந்தே இருந்தேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. நிமிர்ந்தபோது ஏழுமலை பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோதரமா சார்?"

"ஆமாம்."

"அப்ப நேத்து ஆடுனது?"

"அதுவும் மோதிரம்தான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் தயங்கவில்லை. "கழட்டு சார். ஊசி என் பேச்சயும் கேக்கக் கூடாது இல்ல" என்றார்.

கழற்றுவது சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. மலையேறிய வீக்கம், இரண்டு வேளை நெய்ப்பருப்பு, எல்லாம் விரலுக்கு வந்திருந்தது. விளக்கெண்ணெய் போட்டார்கள். சோப்பு போட்டார்கள். டீக்கடைக் கூட்டத்தில் இருவர் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கன்னியப்பன் மோதிரத்தைப் பிடித்து இழுத்தார். விரல்தான் வரப் பார்த்தது. கடைசியில் ஏழுமலையே நூல்கண்டு கொண்டுவந்து, விரலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றி, நூலின் நுனியை மோதிரத்துக்குள் விட்டு, சுற்றைப் பிரித்துப் பிரித்து மோதிரத்தை நகர்த்திக்கொண்டு வந்து கழற்றினார். தன் சீட்டைத் தானே கழற்றுகிறார் என்று எனக்குத் தோன்றியது. 

மோதிரத்தை ஷெட்டுக்கு வெளியே அனுப்பினோம். நயினாரை வரவழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சரிபார்க்கும் இரண்டு துண்டுகளையும் இந்த முறை பத்துத் தடவை தடவினேன். பிறகு பழைய ராடுகள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊசி அசையவே இல்லை. இரண்டும் அருமையான ராடுகள்.

நயினார் பெருமூச்சு விட்டார். "ஏழுமல, நாளைக்கு நீ செட்டுல இருந்துக்கோ" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரிங்க" என்றார் ஏழுமலை. அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின் ஆக்சில் என்று சொன்னது நயினார். அவருக்குச் சொன்னது ஊர்ப்பேச்சு. ஓடிப்போய் ஏழுமலையை நிறுத்தினேன்.

"சத்தம் உங்களுக்கு எங்கே கேட்கிறது? பின்னாலா, முன்னாலா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "காதுல கேக்கல சார். கால்ல கேக்குது. எடது பாதத்துல. கிளச்சு மேல வெச்சிருப்பேன் இல்ல, அங்க."

"இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"எங்க கேக்குதுன்னு யாரும் கேக்கலையே சார். கேக்குதா, கேக்குதான்னுதான கேட்டாங்க."

நயினாரும் கன்னியப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாரம் இருந்தால்தான் சத்தம் வரும், அதுவும் மதகுத் திருப்பத்தில் என்றார் ஏழுமலை. உடனே ராடுகளை மாட்டச் சொன்னேன். மத்தியானம் பஸ் தயார். பாரத்துக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றலாமா என்று யோசிப்பதற்குள் டீக்கடைக் கூட்டம் மொத்தமும் ஏறிவிட்டது. சைக்கிள்காரர் சைக்கிளைக் கூரை மேல் போட்டுவிட்டு ஏறினார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நயினார் உத்தரவு போட்டார்.

ஒரு பஸ் நிறைய ஜனங்கள் ஒரு வார்த்தை பேசாமல் போனதை நான் சென்னையிலும் பார்த்ததில்லை, வரதனும் ஜெர்மனியில் பார்த்திருக்க மாட்டான். எதிரே வந்தவர்கள் சாவுக்குப் போகிறோம் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றினார். ஏழுமலை வழக்கம்போல ஓட்டினார். நான் ஷூவைக் கழற்றிவிட்டு இஞ்சின் பலகை மேல் உட்கார்ந்து, அவர் காலுக்குப் பக்கத்தில் என் வெறுங்காலை ஊன்றிக்கொண்டேன். மதகைத் தாண்டிப் போய்த் திரும்பினோம். மறுபடி மதகு நெருங்கியது. பின் சீட்டில் யாருக்கோ தும்மல் வந்தது. நான்கு பேர் அவர் மூக்கைப் பொத்தினார்கள். பஸ் இடப்பக்கம் திரும்பியது.

கிணுக்.

காதில் விழவே இல்லை. பாதத்தில் யாரோ விரலால் சுண்டினது மாதிரி இருந்தது.

"வந்திச்சி" என்றேன். சென்னைத் தமிழ்கூட மறந்துபோயிற்று. ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. பின்னால் அத்தனை பேரும் தங்களுக்கும் கேட்டதாக ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

ஷெட்டில் முன் ஆக்சிலின் இடது பக்கம், ஸ்பிரிங் பட்டை உட்காருகிற இடத்துக்குக் கீழே, மண்ணையும் பெயிண்டையும் சுரண்டிவிட்டு முனையை வைத்தேன். வெறும் விரல்தான். ஊசி ஒரே இடத்தில் துள்ளியது. திரும்ப வந்தேன், அதே இடத்தில் துள்ளியது. கன்னியப்பன் நம்பவில்லை. அவர் வழியில் பார்க்கட்டும் என்று விட்டேன். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்கட்டித் தூள் பூசிவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். வெள்ளைத் தூளில் தலைமுடி மாதிரி ஓர் ஈரக்கோடு மெதுவாக ஊறி வந்தது. விரற்கடை நீளம்.

கன்னியப்பன் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "ஸ்டியரிங் பக்கம் ஒடஞ்சிருந்தா வண்டி நேரா மதகுலதான் எறங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏழுமலையைப் பார்க்காமல் எழுந்து போய் அவருக்கு டீ வாங்கி வந்தார். நயினார் இரண்டாவது முறையாக ஏழுமலையின் கையைப் பிடித்தார். இந்தத் தடவை என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க முயற்சி செய்யவும் இல்லை.

நான் அன்றே ரிப்போர்ட் எழுதி முடித்தேன். எங்கள் கம்பெனியில் பரிசோதித்த பொருள் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது விதி. விதியை மீறிப் பட்டது போதும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். பின் ஆக்சில் ராடுகள்: விரிசல் இல்லை. முன் ஆக்சில்: விரிசல், உடனே மாற்றவும். கடப்பாரை: விரிசல் இல்லை. வாசல் கேட்: விரிசல் இல்லை. பூசணிக்காய்: விரிசல் இல்லை. மேலதிகாரி கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் போட்ட வட்டம் இன்னும் கோப்பில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து ஷெட்டுக்குப் போவதற்குள், ஓடாமல் நின்றிருந்த பழைய வண்டி ஒன்றின் முன் ஆக்சிலைக் கன்னியப்பன் மாட்டி முடித்திருந்தார். மாட்டுவதற்கு முன் அவரே என் பெட்டியைத் திறந்து ஊசியால் பார்த்தாராம். சரிபார்க்கும் துண்டுகளைத் தடவினீர்களா என்று கேட்டேன். "நான் இன்னா சாப்பாட்டுக்கா ஓடறேன்?" என்றார்.

மத்தியானம் ஸ்பெஷல் கிளம்பியது. உள்ளே நூறு பேர், கூரை மேல் எத்தனை பேர் என்று தெரியவில்லை. வேப்பிலை, மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், பிறந்ததிலிருந்தே அழுகையை நிறுத்தாததுபோல் ஒரு குழந்தை. கன்னியப்பன் பூசணிக்காயில் சூடம் வைத்துச் சுற்றி பஸ்ஸுக்கு முன்னால் ஓங்கி உடைத்தார். ஒரே போடில் நான்காகப் பிளந்தது.

"இப்ப வெடிப்பு இருக்குது சார், எழுதிக்குங்க" என்றார்.

ஷெட்டுக்கு எதிர்ப்பக்கம் திண்டிவனம் பஸ்ஸுக்காக நான் பெட்டியோடு நின்றேன். ஏழுமலை நூறு பேரோடு வந்த பஸ்ஸை எனக்கு நேராக நிறுத்தினார். உள்ளே எல்லாரும் கத்தினார்கள். முதல் சீட்டில், யாரோ போட்டு வைத்த துண்டின் மேல், கூடை அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை எதையும் காதில் வாங்காமல், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். பிரித்தால், மோதிரம்.

"ஏழுமலை, இதனால்தான் உங்கள் வேலையே போகப் பார்த்தது" என்றேன்.

"அதுக்காவ சனி உட்டுடுமா சார்? எடது கையில போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார். மதகுக்கு அப்பால் காத்திருந்தவர்களை ஏற்றிக்கொள்ள பஸ் முதலில் மதகுப் பக்கம் போனது. திருப்பத்தில் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

நான் மோதிரத்தை இடது கையில் போட்டுக்கொண்டேன்.